கால்களுக்கு மட்டும் தான் கல்லூரியில் இடமா?

புதுக்கோட்டைப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள் பலரது வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாடிவாசலில் பெயர் வாங்கிய காளைக்கு வயசாகிவிட்டால் அதை அடிமாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கொட்டிலிலேயே கிடக்கும். வைக்கோலும் தவிடும் தவறாமல் போகும். செத்துப் போனால் மாலை போட்டு, ஊரே கூடி, மனுசனுக்குச் செய்வது போல எல்லாம் செய்து புதைப்பார்கள். தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல்கள் உள்ள மாவட்டம் இது, ஆகையால் இந்தக் காட்சி யாருக்கும் புதிதில்லை.

சரி... மாட்டுக்குக் கிடைத்த இந்த மரியாதை, அதே மாவட்டத்தில் பிறந்து இந்தியாவுக்காக ஓடிய ஒரு பெண்ணுக்குக் கிடைத்ததா?

கத்தக்குறிச்சி சாந்தி சௌந்திரராஜனின் கதை பாதிப் பேருக்குத் தெரியும். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி. அதன் பிறகு பாலினப் பரிசோதனை. பிறகு பதக்கம் பறிப்பு. இவ்வளவு தான் பொதுவாகப் பேசப்படுவது. பேசுபவர்களும் உடனே அவர் உடம்பைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார்கள். (டீக்கடையில் தொடங்கி தொலைக்காட்சி வரை எத்தனை டாக்டர்கள் அன்று முளைத்தார்கள்!) அந்த ஆராய்ச்சி இங்கே தேவையில்லை. கேட்கப்படாத கேள்வி வேறு. பள்ளிக்கூடம், கல்லூரி, மாநிலம், நாடு என்று இத்தனை பேர் அந்தப் பெண்ணின் ஓட்டத்தால் பெயர் வாங்கிக் கொண்டார்களே, ஓட்டம் நின்று போனால் அவர் யாராக இருப்பார், என்ன செய்து பிழைப்பார் என்று அவர்களில் ஒருவராவது முன்கூட்டி யோசித்தார்களா?

அவர் வந்த வழியைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். தாயும் தந்தையும் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். தலித் குடும்பம். தம்பி தங்கைகளைப் பார்த்துக் கொள்ளும் மூத்த பிள்ளை. ஓடக் கற்றுக் கொடுத்தது தாத்தா. முதல் ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவர் தான். பள்ளிகளுக்கு இடையேயான போட்டிகளில் கோப்பைகள் வந்தன. அதைப் பார்த்த பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளி ஒன்று இவரைச் சேர்த்துக் கொண்டது. கட்டணம் இல்லை, சீருடை உண்டு, சாப்பாடு உண்டு. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டதே அங்கே தான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு புதுக்கோட்டையில் கல்லூரி, அங்கிருந்து சென்னையில் ஒரு கல்லூரி. எல்லாமே ஓட்டத்தால் கிடைத்தவை.

விஷயம் இங்கே தான் இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சோறு, துணி, படிப்பு, மரியாதை என்ற நான்கும் ஒரே கதவு வழியாக வருகிறது. அந்தக் கதவின் பெயர் 800 மீட்டர். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு டென்னிஸ் ஒரு பொழுதுபோக்கு, விட்டால் அப்பாவின் கடை இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு ஓட்டத்தை விட்டால் சூளை. ஆகையால் 'நீ யார்?' என்று கேட்டால் 'நான் ஓடுகிறவள்' என்ற ஒரே பதில் தான் அதற்குத் தெரியும். வேறு பதிலைத் தேடிக் கொள்ள யாரும் அதற்கு நேரம் கொடுத்ததில்லை.

2005ல் கொரியாவின் இன்சியோனில் நடந்த ஆசிய தடகளப் போட்டியிலும் இவர் வெள்ளி வாங்கியவர். அதாவது தோஹா ஒரு நாள் அதிர்ஷ்டம் அல்ல. அந்தத் தோஹாவில் இரண்டு நிமிடம் மூன்று நொடி சொச்சத்தில் ஓடி முடித்தார். அடுத்து நடந்த பரிசோதனை எதற்காக என்பதைக் கூட யாரும் ஒழுங்காக விளக்கவில்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முடிவு உலகம் முழுக்கச் செய்தியானது. 25 வயதுப் பெண்ணின் உடம்பைப் பற்றிய மருத்துவ விவரம் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஓடியது. 2007ல் அவர் தன் உயிரை மாய்த்துக் கொள்ள முயன்றார் என்ற செய்தியும் வந்தது.

அன்றைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் பறிபோன பிறகும் அறிவித்தபடியே 15 லட்ச ரூபாயைக் கொடுத்தார். தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றும் கொடுத்தார். அதைப் பாராட்டத் தான் வேண்டும். நாட்டின் தடகள நிர்வாகம் கைகழுவியபோது மாநில அரசு கைகழுவவில்லை. சாந்தி அந்தப் பணத்தை என்ன செய்தார் என்பது இன்னும் பாராட்டப்பட வேண்டியது. புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தடகளப் பயிற்சி கொடுக்கும் மையம் ஒன்றைத் தொடங்கினார். தான் விழுந்த குழியில் அடுத்தவன் விழக்கூடாது என்று நினைக்கிற மனசு அது.

ஆனால் 15 லட்சம் ஒரு வாழ்க்கை ஆகுமா? ஆகவில்லை. ஒப்பந்த அடிப்படையில் சொற்பச் சம்பளத்துக்குப் பயிற்சியாளர் வேலை பார்த்தார். அதுவும் நிலைக்கவில்லை. 2012ல் அவர் தினக்கூலி 200 ரூபாய்க்கு அதே செங்கல் சூளையில் நிற்கும் செய்தி வெளியானது. ஊடகங்களுக்கு அது நல்ல படம். மத்திய விளையாட்டு அமைச்சகம் அப்போது தான் விழித்தது. பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அதை முடித்த பிறகும் நிரந்தர வேலைக்கு மனு, போராட்டம், ஆணையம் என்று அலைந்து, தோஹா நடந்து ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கழித்துத் தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார்.

அந்தப் பட்டயப் படிப்பை 2007லேயே கொடுத்திருக்க முடியாதா? அதை விடுங்கள். ஓடிக் கொண்டிருக்கும்போதே, கல்லூரியிலேயே, 'ஓட்டத்துக்குப் பிறகு என்ன?' என்று ஒரு பேராசிரியராவது உட்கார வைத்துப் பேசியிருந்தால், இந்தப் பத்து ஆண்டுகள் வேறு மாதிரி போயிருக்காதா?

இது சாந்தி ஒருவரின் துரதிர்ஷ்டம் என்று நினைப்பவர்கள் கடல் தாண்டியும் கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்பது கோடிக்கணக்கான டாலர் வியாபாரம். அந்த வியாபாரத்தில் ஓடுகிற கால்கள் பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களுடையவை. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷான் ஹார்ப்பர் 2018ல் வெளியிட்ட அறிக்கை பெரிய 65 பல்கலைக்கழகங்களை எடுத்துக் கொண்டது. அவற்றின் மொத்த இளநிலை மாணவர்களில் கறுப்பின ஆண்கள் 2.4 சதவீதம். கால்பந்து அணிகளில் அவர்கள் 55 சதவீதம், கூடைப்பந்து அணிகளில் 56 சதவீதம்! நூலகத்தில் இடமில்லை, மைதானத்தில் மட்டும் தாராளமாக இடம். அந்த வீரர்களில் ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்கள் 55 சதவீதம் தான். அதே பல்கலைக்கழகங்களின் மொத்த மாணவர்களில் அது 76 சதவீதம்.

கெவின் ராஸ் என்ற கூடைப்பந்து வீரர் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் விளையாடினார். வெளியே வந்தபோது சரியாகப் படிக்கத் தெரியாது. 1982ல் சிகாகோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். கால்பந்து வீரர் டெக்ஸ்டர் மான்லி 1989ல் அமெரிக்க செனட் குழு முன்னால் தனக்கு எழுதப் படிக்கத் தெரியாமலே கல்லூரியைக் கடந்து வந்ததைச் சொல்லி அழுதார். பழைய கதை என்று தள்ளுவதற்கும் இல்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் வகுப்பே நடக்காத 'காகித வகுப்புகள்' 18 ஆண்டுகள் ஓடின என்று 2014ல் விசாரணை அறிக்கை வந்தது. 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள். அந்தப் பதிவுகளில் கிட்டத்தட்ட பாதி விளையாட்டு வீரர்களுடையவை. மதிப்பெண் கொடுத்தார்கள், கல்வி கொடுக்கவில்லை.

அங்கே கறுப்பினத்தவர், இங்கே சூளைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். நிறம் வேறு, சரக்கு ஒன்று தான். உடம்பை மட்டும் வாங்கிக் கொள்ளும் வியாபாரம்.

நம்மூர்க் கல்லூரிகளில் காகித வகுப்பு என்று தனியாக ஒன்று வைக்க வேண்டிய அவசியம் கூட இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த பையனுக்கு வருகைப் பதிவு தானாக நிரம்பிவிடும். காலை ஐந்தரைக்குப் பயிற்சி, மாலை நான்குக்குப் பயிற்சி, இடையில் வகுப்பில் தூக்கம். பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி என்றால் மாதக் கணக்கில் முகாம். தேர்வு வந்தால் 'பார்த்துக்கலாம் தம்பி' என்று ஒரு தட்டு. பார்த்துக் கொள்வது யார்? மூன்றாம் ஆண்டு முடிவில் அரியர் எண்ணிக்கையைப் பையன் தான் பார்த்துக் கொள்கிறான். அதற்குள் கல்லூரி வாசலில் அவன் படம் போட்ட பேனர் வெயிலில் வெளுத்திருக்கும், அடுத்த பேட்ச் வந்திருக்கும்.

முழங்கால் சவ்வு கிழிந்தால் கதை இன்னும் மோசம். கட்டணச் சலுகை பதக்கத்தோடு கட்டப்பட்டிருக்கிற இடங்களில், ஓட முடியாதவனுக்கு விடுதி அறையும் இல்லை, சலுகையும் இல்லை. ஊருக்குப் பஸ் ஏற வேண்டியது தான். 19 வயசில் ஓய்வு பெற்றவன் என்று ஒரு ஜாதி உலகத்தில் வேறெங்கும் உண்டா?

'அரசு தான் எவ்வளவோ செய்கிறதே' என்பார்கள். செய்கிறது, மறுப்பதற்கில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு வந்திருக்கிறது. ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி ரூபாய் என்று 2021ல் அறிவித்தார்கள். எல்லாம் நல்லது தான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை, கழுத்தில் பதக்கம் தொங்க வேண்டும். மாவட்ட அளவில் ஓடி, மாநிலத்தில் நான்காவதாக வந்து, பல்கலைக்கழக அணியில் ரிசர்வில் உட்கார்ந்த பிள்ளைக்கு இவற்றில் எது? பந்தயத்தில் ஓடுபவர் எட்டுப் பேர், மேடையில் ஏறுபவர் மூன்று பேர். மீதி ஐந்து பேரும் அதே காலை ஐந்தரைக்குத் தான் எழுந்தார்கள்.

இன்னொரு வாதம் பயிற்சியாளர்களிடமிருந்து வரும். மனசு சிதறினால் பதக்கம் வராது, படிப்பு படிப்பு என்று நச்சரித்தால் ஓட்டம் கெடும் என்பது. கேட்க நியாயமாகத் தான் இருக்கும். மைரான் ரோல் என்ற ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகக் கால்பந்து வீரருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க ரோட்ஸ் உதவித் தொகை கிடைத்தது. அவர் படிக்கப் போனார். திரும்பி வந்து 2010ல் தொழில்முறை அணியில் சேர முயன்றபோது, 'உன் அணியைக் கைவிட்டுப் போனாயே' என்ற மாதிரிக் கேள்விகள் வந்தன. மூளை இருப்பது ஒரு குறைபாடாகப் பார்க்கப்பட்டது. அவருடைய தொழில்முறை ஆட்டம் நீடிக்கவில்லை. ஆனால் அவர் இன்று நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். பால் ராப்சன் இன்னும் பழைய ஆள். ரட்கர்ஸ் கல்லூரியின் கால்பந்து நட்சத்திரமாகவும், வகுப்பின் சிறந்த மாணவராகவும் 1919ல் வெளியே வந்தார். சட்டம் படித்தார், பாடகராக உலகம் சுற்றினார். படித்ததால் இவர்கள் ஓட்டம் கெட்டுவிட்டதா? பயிற்சியாளருக்குத் தேவை முழு நேர ஓட்டக்காரன். அது அவர் தேவை, பிள்ளையின் தேவை அல்ல. 'அதுங்களுக்கே படிப்பு ஏறாது' என்ற பேச்சுக்குப் பதில் சொல்வதே வீண். பசியோடு அதிகாலையில் எழுந்து வெறுங்காலில் பத்துக் கிலோமீட்டர் ஓடும் ஒழுக்கம் உள்ள பிள்ளைக்கு ஒரு கணக்குப் பதிவியல் பாடம் ஏறாதா என்ன?

கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதைப் புதுக்கோட்டை பார்த்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெண் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பியபோதும் மன்னர் கல்லூரி முத்துலட்சுமியைச் சேர்த்துக் கொண்டது. தேவதாசி மரபில் வந்த தாயின் மகள் அவர். அவர் பிறகு டாக்டரானார், சட்டசபைக்குப் போனார், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கட்டினார். அவரிடம் கல்லூரி கேட்டது படிப்பை மட்டும் தான். நூறு வருஷம் கழித்து அதே மாவட்டத்துப் பெண்ணொருத்தியிடம் கல்வி நிலையங்கள் கேட்டது வேகத்தை மட்டும்.

இதெல்லாம் பழைய காயம், ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். காயம் ஆறவில்லை, பெரிதாகப் போகிறது என்பது தான் பதில். 2014ல் ஒடிசாவின் தூத்தி சந்துக்கு இதே பிரச்சனை வந்தபோது நல்ல வேளையாகப் பாடம் கொஞ்சம் படிக்கப்பட்டிருந்தது. ஆராய்ச்சியாளர்கள் துணைக்கு வந்தார்கள், இந்திய விளையாட்டு ஆணையம் செலவை ஏற்றது, விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் 2015ல் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. சாந்திக்குக் கிடைக்காத வக்கீல் தூத்திக்குக் கிடைத்தார். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு 2009லிருந்தே அவர் நாடு பின்னால் நின்றது. அவருடைய வழக்கு நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. ஆனால் அதே 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் உலக அளவிலான தரப் போட்டிகளில் பங்கேற்பவர்களுக்கு மரபணுப் பரிசோதனையைக் கட்டாயம் ஆக்கிவிட்டது.

அந்த விதி சரியா தப்பா என்று விஞ்ஞானிகள் சண்டை போடட்டும். கீழே நடக்கப் போவதைப் பாருங்கள். ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ ஓடத் தொடங்கும் ஒரு பெண் நாளை அந்த நிலைக்கு வளர்ந்தால், அவள் முன்னால் ஒரு படிவம் நீட்டப்படும். ஆங்கிலத்தில். அதில் கையெழுத்துப் போடும் முன் 'இது என்ன, எதற்கு, முடிவு வந்தால் யாரிடம் சொல்வீர்கள், வெளியே சொல்லாமல் இருப்பீர்களா?' என்று கேட்கத் தெரிய வேண்டும். கேட்கும் தைரியம் வேண்டும். முடிவு எதுவானாலும் ஊருக்குத் தலை நிமிர்ந்து வர, கையில் ஒரு பட்டம், தெரிந்த ஒரு தொழில், தன்னைப் பற்றித் தனக்கே ஒரு நிச்சயம் வேண்டும். இதில் எதை விளையாட்டு ஒதுக்கீடு இன்று சொல்லிக் கொடுக்கிறது?

கேட்பது ஒன்றும் பெரிய காசு பிடிக்கும் காரியம் அல்ல. ஒதுக்கீட்டில் சேர்த்த பிள்ளைக்கு அடிபட்டாலும், வேகம் குறைந்தாலும், பட்டம் முடியும் வரை கட்டணமும் விடுதியும் தொடரும் என்று சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதட்டும், தமிழில். முகாமுக்குப் போன நாட்களின் பாடத்தைத் திரும்ப நடத்த ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கட்டும், வருகைப் பதிவைப் பொய்யாக நிரப்புவதற்குப் பதிலாக. மனசு உடைந்தால் பேச ஓர் ஆள் இருக்கட்டும். கடைசி பத்து ஆண்டுகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எத்தனை பேரைச் சேர்த்தோம், அதில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே போனார்கள் என்ற இரண்டே எண்களை ஒவ்வொரு கல்லூரியும் தன் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டட்டும். பதக்கப் பட்டியலை மட்டும் பளபளவென்று அச்சடிக்கிற கல்லூரிகள் இதையும் அச்சடிக்கலாமே. மறைப்பதற்கு ஏதும் இல்லை என்றால்!

ஜூன் மாதம் ஒவ்வொரு கல்லூரி மைதானத்திலும் ஒதுக்கீட்டுக்கான தேர்வு நடக்கும். சான்றிதழ் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு, இரவுப் பஸ்ஸில் வந்து, வெறும் டீயோடு வரிசையில் நிற்பார்கள். உயரம் அளப்பார்கள், எடை பார்ப்பார்கள், நூறு மீட்டருக்கு எத்தனை நொடி என்று குறிப்பார்கள். அந்தப் படிவத்தில் இன்னும் ஒரே ஒரு வரிக்கு இடம் விடலாம். 'நீ என்ன படிக்க ஆசைப்படுகிறாய்?'